வேலை வேனில் குதிரை டிரெய்லர் இழுக்கப் போகிறீர்களா? முதலில் தகட்டைப் பாருங்கள்

குதிரை வண்டி என்றால் ஊரில் குதிரைதான் இழுக்கும். இங்கே பிரிட்டனில் குதிரை உள்ளே நின்று வைக்கோலை மென்றுகொண்டு வரும், இழுப்பது நம் வேலை. நான் பிளம்பர். திங்கள் முதல் வெள்ளி வரை பைப்பும் பாய்லரும் சுமக்கிற அதே வேன்தான் ஞாயிற்றுக்கிழமை மகளின் குதிரையையும் அவள் தோழியின் குதிரையையும் இழுக்கிறது. தாராளமாகச் செய்யலாம், ஆனால் கணக்குப் பார்த்துச் செய்யணும்.

லைசென்ஸ் தலைவலி இப்போது இல்லை. 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரையான டிரெய்லரை இழுக்கலாம். அதை வைத்து "என் வேனும் 3,500 இழுக்கும்" என்று நினைத்துவிடாதீர்கள், அது உங்களுக்கான வரம்பு, வேனுக்கானது வேறு. காப்பீட்டில் சொந்த உபயோகமும் டிரெய்லரும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கம்பெனி வேன் என்றால் முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடவே வேண்டாம்.

சரி, எடைக்கு வருவோம். வேனின் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதில் முதல் எண் வேனும் அதிலுள்ள சரக்கும் சேர்ந்து எவ்வளவு போகலாம் என்பது, இரண்டாவது எண் வேனும் டிரெய்லரும் சேர்ந்து. இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்த வேனில் டிரெய்லர் மாட்டக்கூடாது. என் வேனில் 3,000, 4,800. காலி வேன் 2,000 கிலோ என்று காகிதம் சொல்கிறதே, அப்புறம் என்ன என்று மெத்தனமாக இருந்தேன். ஒருநாள் நானும் மகளும் உட்கார்ந்தபடியே பொது எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 2,780! இரண்டு குதிரை டிரெய்லர் காலியாகவே ஏறக்குறைய 950 கிலோ, குதிரைகள் இரண்டும் 1,100, சேணம், வைக்கோல், 25 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு என்று இன்னொரு 100. மொத்தம் 4,930. அதாவது 130 கிலோ அதிகம், அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை எதற்கும் உதவாத செம்புக் குழாயும் ஸ்பேனரும்.

அதனால் சனிக்கிழமை இரவே வேனைக் காலி செய்கிறேன். முழுக்க இறக்க முடியாவிட்டால் கனமானதையாவது சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பை ஒட்டி முன்னே தள்ளுங்கள், ஏனென்றால் டிரெய்லரின் மூக்கு ஏற்கனவே வேனின் பின்பக்கத்தை அழுத்துகிறது. இன்னொன்று, டிரெய்லரை மாட்டியபின் வேனின் பின்கதவு சரியாகத் திறக்காது. சேணத்தை முன்கூட்டியே வெளியே எடுக்காமல் மழையில் நின்று முழித்த அனுபவம் எனக்கு உண்டு.

மாட்டியதும் டிரெய்லரின் மூக்கில் இருக்கும் சிறு சக்கரத்தைச் சுற்றி இறக்கி வேனின் பின்பக்கம் லேசாகத் தூக்குகிறதா பாருங்கள். தூக்கினால் கொக்கி பிடித்திருக்கிறது, சக்கரத்தைத் திரும்ப ஏற்றிவிடலாம். டிரெய்லர் கழன்றால் தானாக பிரேக் போடவைக்கும் கம்பியை மறக்காதீர்கள். விளக்கு, டயர் காற்று, ரப்பர் விரிப்புக்கு அடியில் தளம் உளுத்திருக்கிறதா என்பதும் பார்க்கணும்.

வேனோடு மாட்டாத டிரெய்லரில் குதிரையை ஏற்றவே கூடாது. உள்ளே வந்ததும் முதலில் குதிரைக்குப் பின்னால் குறுக்குக் கம்பியைப் போட்டு, பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்டணும். இறக்கும்போது தலைகீழ், கயிறு முதலில், கம்பி பிறகு. வளையத்தில் நேரடியாகக் கட்டாமல், இழுத்தால் அறுந்துபோகிற சணலில் கட்டுங்கள். ஒரே குதிரை என்றால் வலப்பக்கம் நிறுத்துங்கள், இங்கே சாலை இடப்புறம் சரிவாக இருக்கும். இரண்டு என்றால் கனமானது வலப்பக்கம்.

ஓட்டும்போது வேகம் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் 50, மூன்று லேன் மோட்டார்வேயில் வலக்கோடி லேன் கிடையாது. ஆனால் குதிரைக்கு இதைவிட முக்கியம் வளைவுகள்தான், வளைவு முடிந்து டிரெய்லரும் நேரானபின்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்கணும், இல்லாவிட்டால் உள்ளே அது கால் பரப்பித் தடுமாறும். டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாமல் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, புல்வெளி. நிறைய வேன்கள் முன்சக்கரத்தில் ஓடுபவை, பின்னால் டிரெய்லர் அழுத்த முன்பக்கம் லேசாகிவிடும், ஈரப்புல்லில் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. போட்டி மைதானத்தில் கேட்டுக்குப் பக்கமாகக் கெட்டித் தரையில், இல்லையென்றால் இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். நான் சக்கரத்துக்கு அடியில் போட பழைய கம்பளத் துண்டு இரண்டை வேனிலேயே வைத்திருக்கிறேன். அதுவும் உதவாதபோது வெட்கப்படாமல் டிராக்டர்காரரைக் கூப்பிட்டுவிடுவேன், மழைநாளில் அவருக்கு முன்னால் எப்படியும் ஒரு வரிசை இருக்கும்.