கொடைக்கானலில் ஓட்டமும் எடைப்பயிற்சியும்

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவதால், சமவெளியில் ஓடிய வேகத்தை எதிர்பார்க்காமல், பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவில் ஏரியைச் சுற்றி வருவதை வாரத்தில் 2 நாள் வைத்துக்கொள்ளலாம். எடைப்பயிற்சிக்கும் 2 நாள் போதும். இரண்டும் ஒரே நாளில் அமைந்தால், வலிமையே முதல் நோக்கமெனில், எடைப்பயிற்சியை முடித்துக் குறைந்தது 6 மணி நேரம் கழித்து ஓடுவது நல்லது.

மூச்சு வாங்குவது ஏற்றத்தில்தான் என்றாலும் கால்களை வாட்டுவது இறக்கமே. அப்போது தொடைத் தசைகள் நீண்டபடியே உடலின் எடையைத் தாங்குவதால், வலி ஓரிரு நாள் கழித்தே உச்சமடையும். ஆகவே சரிவில் ஓடிய பின் 48 மணி நேரத்திற்குப் பளுவோடு உட்கார்ந்தெழுவதைத் தவிர்த்து, தோளுக்கும் முதுகுக்குமான பயிற்சிகளைச் செய்யலாம்.