ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய ஹெரால்டு: முதலில் டாப்பெட் கேப்பை அளந்து பாருங்கள்

அப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் இப்போதும் ஓடுகிறது. 948 சிசி, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்த வண்டி. அதை வடிவமைத்த காலத்தில் பெட்ரோல் என்றாலே ஈயம் கலந்ததுதான். சென்னையில் ஈயம் இல்லாத பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க அது மட்டும்தான். பழைய வண்டி வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்த பெட்ரோலில் ஓட்டலாமா?" என்பதுதான். தாராளமாக ஓட்டலாம். ஆனால் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம்) மாற்றவோ பெட்ரோலில் மருந்து ஊற்றவோ போகும் முன் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

ஹெட் இரும்பா, அலுமினியமா?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம்; அதில் வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) தனி வளையமாகவே பதித்திருக்கும், கவலை குறைவு. ஒட்டினால் இரும்பு. ஹெரால்டும் பழைய பெட்ரோல் அம்பாசிடரும் இந்த வகை. இவற்றில் சீட் ஹெட்டிலேயே கடைந்தது. ஈயப் படிவு சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவில் மெத்தைபோல் இருந்தது. அது இல்லாதபோது, நெடுநேர வேகத்தில் சூடேறிய வால்வு சீட்டில் லேசாக ஒட்டி, திறக்கும்போது துணுக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். சீட் குழிந்து வால்வு ஹெட்டுக்குள் புதையும்.

டாப்பெட் கேப்: நான் தவறிய இடம்

டாப்பெட் கேப் என்பது வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் கைக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளி. அளக்கும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹெரால்டுக்கு 0.010 அங்குலம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். ஒன்பது கணக்கு நினைவிருக்கட்டும், இரண்டு எண்ணும் கூட்டினால் ஒன்பது: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வை அளக்க வேண்டும், 7 திறந்திருக்கும்போது 2, இப்படியே எட்டும். எக்ஸாஸ்ட் வால்வுகள் 1, 4, 5, 8.

ஒரு சர்வீஸில் 4ஆம் வால்வு 0.006 காட்டியது. போன முறை சரியாக வைக்கவில்லை என்று நினைத்து 0.010 ஆக்கிவிட்டு, அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தேய்மானம் என்றால் கேப் அகலும், டாப்பெட் சத்தம் கேட்கும் என்றுதான் பழகியிருந்தேன். சீட் குழிந்தால் நேர்மாறு: வால்வு மேலே ஏறி கேப் சுருங்கும், சத்தமும் அடங்கிப்போகும். எஞ்சின் அமைதியாக ஓடுகிறதே என்று மகிழ்ந்திருந்தேன். ஒரு மழைக்காலக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறியது. பார்த்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரெஷனே இல்லை. கேப் முற்றிலும் போய், வால்வு மூடாமல் ஓரம் கருகியிருந்தது.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எட்டு எண்களையும் தேதியோடு, திருத்துவதற்கு முன்பே எழுதுங்கள். எக்ஸாஸ்ட் எண்கள் நிலையாக இருந்தால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். திரும்பத் திரும்பச் சுருங்கினால் ஹெட்டை இறக்கி, லேத்தில் கடினமான சீட் வளையம் பதிக்கச் சொல்லுங்கள். கேப்பை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விளிம்பு வளைந்த மலிவான தகடு பொய் சொல்லும். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் நல்லதாகவே பார்த்து வாங்குங்கள்.

ஆக்டேன் வேறு, சீட் பாதுகாப்பு வேறு

பங்கில் ஆக்டேன் கூடிய, விலை உயர்ந்த பெட்ரோல் போட்டால் சீட் தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. அது நாக்கிங்கைக் (எஞ்சின் தட்டுவதை) குறைக்கும், அவ்வளவுதான். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் கடகடவென்று தட்டினால் இக்னிஷன் டைமிங்கைக் (பிளக் பொறி விடும் நேரத்தை) கொஞ்சம் பின்னுக்கு வையுங்கள். சீட்டுக்காக விற்கும் மருந்து ஊற்றுவதானால் ஒரே வகையை விடாமல் ஊற்றுங்கள், இரண்டைக் கலக்க வேண்டாம். ஊருக்குள் நாற்பதில் போகிற வண்டிக்கு அதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். ஈசிஆரில் மகாபலிபுரம் வரை தொண்ணூறில் விரட்டுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

பின்னால் சேர்த்தது

அம்பாசிடர் வைத்திருக்கும் ஒருவர், கேப் சரியாக இருந்தும் வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று எழுதினார். காரணம் ஈயம் இல்லாதது அல்ல, பெட்ரோலில் கலக்கும் எத்தனால். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் அதில் ஊறி, உப்பி, வெடிப்பு விடும். ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். கீறல் தெரிந்தாலோ பிசுபிசுத்தாலோ அன்றே மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். கலவை மெலிவதால் வண்டி இழுவையில் திணறினால் கார்புரேட்டர் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டியிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் கழுத்துவரை நிரப்பி மூடி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது ஃபில்டர் கண்ணாடியில் அடியில் தண்ணீர் நின்றால், வடித்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.