டெக்சாஸில் வரியில்லாமல் துணிமணி, செருப்பு வாங்குவது எப்படி?

நம் ஊரில் எம்ஆர்பி விலையிலேயே வரி அடக்கம். அமெரிக்கக் கடைகளில் அப்படியில்லை. சட்டையில் 40 டாலர் என்று ஒட்டியிருக்கும். பில் போடும்போதுதான் வரி ஏறும். டெக்சாஸில் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம். அதற்கு மேல் நகரம், கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போன்றவை சேர்ந்து 2 சதவீதம் வரை போட்டுக்கொள்ளலாம். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் மூன்றிலுமே மொத்தம் 8.25.

துணிமணி, செருப்பு போன்றவற்றுக்கு இந்த வரியை வருஷத்தில் ஒரு வார இறுதிக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் ‘வரி விடுமுறை’. 1999-இல் தொடங்கிய வழக்கம். பள்ளி திறக்கும் நேரத்தை ஒட்டி, ஆகஸ்ட் மாதத்தில் வெள்ளி முதல் ஞாயிறு நள்ளிரவு வரை. 2025-இல் ஆகஸ்ட் 8 முதல் 10 வரை இருந்தது. டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருந்தால் விதிகள் வேறு. நியூ ஜெர்சியில் சாதாரண உடைகளுக்கு வருஷம் முழுக்கவே வரி கிடையாது.

1. பட்டியல் போடுங்கள்

சட்டை, பேன்ட், உள்ளாடை, பெல்ட், தொப்பி, ஸ்னீக்கர், செருப்பு, கௌபாய் பூட்ஸ் எல்லாவற்றுக்கும் சலுகை உண்டு. பள்ளிப் பையும் நோட்டு, பென்சில் வகையறாவும் சேரும். பெரியவர்களுக்கு வாங்கினாலும் சரிதான், யாருக்கு என்று கவுண்டரில் கேட்க மாட்டார்கள்.

கைப்பை, மணிபர்ஸ், குடை, கைக்கடிகாரம், நகை, சூட்கேஸ் எதற்கும் சலுகை இல்லை. அடியில் முள் வைத்த விளையாட்டு ஷூவுக்கும் கிடையாது. தைக்காத துணி, நூல், பட்டன், ஜிப் ஆகியவற்றுக்கும் வரி உண்டு. ரவிக்கைத் துணியைத் தனியாக வெட்டி வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.

2. ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாகப் பாருங்கள்

பலர் குழம்புவது இங்கேதான். வரம்பு பில் தொகைக்கு இல்லை, பொருளுக்கு. ஒவ்வொன்றும் 100 டாலருக்குக் கீழே இருந்தால் போதும், பில் 700 டாலர் வந்தாலும் வரி பூஜ்யம்தான். ஆனால் ‘100-க்குக் கீழே’ என்றால் நிஜமாகவே கீழே. 99.99 டாலர் ஷூவுக்கு வரி இல்லை. சரியாக 100 டாலர் ஷூவுக்கு 8.25 டாலர் வரி. 110 டாலர் ஷூ என்றால் மிச்சப் பத்துக்கு மட்டும் வரி போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், மொத்த 110-க்கும் போடுவார்கள். ஒரு ஜோடியை இரண்டாகப் பிரித்து பில் போடுவதும் செல்லாது. (கேட்டுப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள் போல, அதையும் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.)

3. தள்ளுபடியைச் சரியாகக் கணக்கிடுங்கள்

கடை தரும் கூப்பன் விலையைக் குறைத்தால், குறைந்த விலைதான் கணக்கு. 120 டாலர் ஜாக்கெட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 96, வரி இல்லை.

‘ஒன்று வாங்கினால் இன்னொன்று பாதி விலை’ என்பது வேறு கதை. முதல் ஜோடி 120, இரண்டாவது 60. சராசரி 90 தானே என்று வாதாட முடியாது. முதல் ஜோடிக்கு வரி உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இதையே கடைக்காரர் ‘ஒவ்வொன்றுக்கும் 25 சதவீதம் தள்ளுபடி’ என்று அறிவித்திருந்தால் இரண்டும் 90 ஆகி, இரண்டுமே தப்பித்திருக்கும்.

4. ஆன்லைன் என்றால் ஷிப்பிங்கைச் சேர்த்துக் கூட்டுங்கள்

அந்த மூன்று நாளுக்குள் ஆர்டர் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டால் போதும், பொருள் பிறகு வந்தாலும் பரவாயில்லை. ஆனால் டெலிவரி கட்டணமும் விலையில் சேரும். 94 டாலர் ஷூ, 8 டாலர் ஷிப்பிங்: ஆகமொத்தம் 102, வரி வந்துவிட்டது. இந்த மாதிரி எல்லையில் நிற்கும் பொருளைக் கடைக்கே போய் எடுத்துக்கொள்வது நல்லது.

5. உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்

400 டாலருக்கு வாங்கினால் மிச்சமாவது 33 டாலர். எப்படியும் வாங்க வேண்டிய சீருடை, ஷூவுக்கு இது நல்ல தொகை. ஆனால் இதற்காகவே தேவையில்லாத நாலு டி-ஷர்ட்டை அள்ளிப்போட்டால் அந்த 33 டாலர் அங்கேயே போய்விடும். சாதாரண நாளில் 30 சதவீதத் தள்ளுபடி வருகிற கடை என்றால், வரி விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

6. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்

அளவு சரியில்லை என்று அதே பொருளை வேறு சைஸுக்கு மாற்றினால், விடுமுறை முடிந்த பிறகும் வரி கேட்க மாட்டார்கள். வேறு பொருளாக மாற்றினால் அது புது விற்பனை, வரி உண்டு.

சலுகை உள்ள பொருளுக்குத் தவறுதலாக வரி போட்டிருந்தால் முதலில் கடையிலேயே கேளுங்கள். அவர்கள் பணத்தைத் திருப்பித் தரலாம். இல்லாவிட்டால் 00-985 என்ற படிவத்தை நிரப்பித் தருவார்கள். அதை வைத்து மாநில வரித்துறையான கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் நீங்களே பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.