தட்டணு தானத்தின்போது உதடு மதமதத்தால் உடனே சொல்லுங்கள்

டர்பனில், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கங்களில், இரத்த தானம் செய்து பழகிய நம்மவர்கள் தட்டணு (இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) தானத்துக்கு முதன்முறை செல்லும்போது சிட்ரேட்டைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. இயந்திரம் உங்கள் இரத்தத்தை எடுத்துத் தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை உங்களுக்கே திருப்பிச் செலுத்துகிறது. குழாய்க்குள் இரத்தம் உறையாதிருக்கக் கலக்கும் சிட்ரேட்டின் ஒரு பகுதியும் அதனுடன் உடலுக்குள் வருகிறது. இதனால் பிறகு இரத்தம் நிற்காமல் போகுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை, ஏனெனில் ஈரலும் சிறுநீரகமும் தசைகளும் அதை விரைவிலேயே சிதைத்துவிடுகின்றன. கவனிக்க வேண்டியது வேறொன்று: சிட்ரேட் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் நரம்புகளும் தசைகளும் தூண்டப்படுகின்றன.

எனக்கு இரண்டாம் முறை மேலுதட்டின் ஓரத்தில், பல் பிடுங்கிய பின் மருந்தின் மரப்பு விடும் நேரத்தில் தோன்றுவது போன்ற மதமதப்பு வந்தது. சிறிய விஷயம் என்று பேசாமலிருந்தேன். சற்று நேரத்தில் விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன. செவிலியர் இரத்தம் திரும்பும் வேகத்தைக் குறைத்து, கால்சியம் மாத்திரையை மென்று தின்னச் சொன்னதும் சில நிமிடங்களில் அடங்கியது. ஆகவே உதடு, விரல்நுனி, மூக்கு ஆகியவற்றில் எறும்பு ஊர்வது போல் இருந்தாலோ, நாக்கில் உலோகச் சுவை தட்டினாலோ, குளிரெடுத்தாலோ அந்த நொடியே சொல்லுங்கள். மார்பில் அதிர்வோ, தசைப்பிடிப்போ, படபடப்போ வந்தால் தானத்தை நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்காதீர்கள்; அதுவும் இரத்தத்தில் பயன்படும் கால்சியத்தைக் குறைத்து நிலைமையைக் கூட்டும்.

முந்தைய இரவும் அன்று காலையும் வயிறார உண்டு, பாலோ தயிரோ மாஸ் என்னும் புளித்த பாலோ சேர்த்துக்கொள்ளுங்கள். காவடி விரதத்தில் ஒருவேளை மட்டும் உண்ணும் நாட்களில் தானத்தைத் தள்ளிவைப்பதே சரி. உடல் எடை குறைந்தவர்களுக்கு இந்த உணர்வு எளிதில் வருவதால், ஊசி போடும் முன்பே வேகத்தைக் குறைவாக வைக்குமாறு கேட்கலாம், போர்வையும் கேளுங்கள். சிறுநீரக, ஈரல், இதயக் கோளாறு இருந்தாலோ, ஆஸ்பிரின் உட்பட எந்த மருந்து எடுத்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிந்ததும் கால் மணி நேரம் அமர்ந்திருங்கள். மதமதப்பு முற்றிலும் விடாத வரை காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். விடவேயில்லை என்றால் அங்கேயே செவிலியரிடம் மறுபடியும் காட்டுங்கள்.