ஹோ மழைக்காட்டில் சாண்டரெல் காளான்: எடுப்பதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பிக் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறது ஹோ மழைக்காடு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. கோடை முடிந்து நல்ல மழை பிடித்து இரண்டு வாரம் ஆனதும் தேட இறங்கலாம். அக்டோபர் நல்ல மாதம். இக்காடு இருக்கும் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இவ்வளவுதான் பறிக்கலாம் என்று அளவு உண்டு; பூங்காக் காவலர் (ரேஞ்சர்) நிலையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தரையைப் பார்க்குமுன் மரத்தைப் பாருங்கள். டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிட்கா ஸ்ப்ரூஸ் ஆகிய ஊசியிலை மரங்களின் வேர்களோடு கூட்டு வைத்து வாழ்வது சாண்டரெல். பாசிக்கு நடுவே மஞ்சளாக ஒன்று தெரிந்தால் அதன் குடையைத் திருப்புங்கள். அடியில் இருப்பவை தனித்தனித் தகடுகள் அல்ல, சதையே வரப்பு வரப்பாக மடிந்து, கிளைத்து, தண்டு வரை இறங்கியிருக்கும். நகத்தால் நெம்பினால் வரப்பு தனியாக வராது, சதைதான் பிய்யும். தண்டை நீளவாக்கில் கிழித்தால் உள்ளே வெளுத்த நிறம். வெந்த கோழிக்கறிபோல நார்நாராக உரியும். போலிச் சாண்டரெல்லில் தகடுகள் மெல்லியவை, நெருக்கமானவை, அடர் ஆரஞ்சு. நகம் பட்டாலே கழன்றுவிடும். நிறத்தை மட்டும் நம்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அடையாளம் தெரியாததை மேலாகக் கிள்ளாதீர்கள். கத்தியை மண்ணில் இறக்கி அடியோடு எடுங்கள். அமனிட்டா இனத்தின் கொடிய காளான்களைக் காட்டிக்கொடுக்கும், தண்டின் அடியைச் சுற்றிய பை மண்ணுக்குள் இருக்கும்; கிள்ளினால் அது அங்கேயே தங்கிவிடும். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. தின்றபின் வாந்தியும் பேதியும் தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு தெளிந்ததுபோல் தோன்றும்போதே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தின்றுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் மிச்சக் காளானோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் இன்னொரு சோதனை. குடையை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, கண்ணாடி டம்ளரால் மூடி இரவு முழுக்க வையுங்கள். சாண்டரெல் என்றால் வெளிர் மஞ்சள் வித்துத்தூள் விழும். துருப்பழுப்பாக விழுந்தால் அது சாண்டரெல் இல்லை. மட்கிய கட்டைகளில் முளைக்கும் நச்சுக் கலரைனாவின் தூளும் அந்த நிறம்தான்.

கோடையில் வெள்ளை வெளேரென்று, தலை கவிழ்ந்து நிற்கும் ‘பேய்க்குழல்’ பலரையும் குழப்பும். அது காளான் அல்ல, பூச்செடி. மணிபோல் தொங்கும் தலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: உள்ளே மகரந்தத் தாள்கள் இருக்கும். பச்சையமே இல்லாத இச்செடி, ருசுலா வகைக் காளான்கள் வழியாக மரத்தின் உணவை வாங்கிக்கொள்கிறது. பறித்தால் கறுத்துவிடும், பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.