அறிவியல் கல்வித் திட்டத்துக்கு நிதியுதவி பெறுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல் கல்விக்கு நிதி கேட்டு நம் இரு மாவட்டங்களிலிருந்தும் செல்லும் விண்ணப்பங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் கருவிப் பட்டியலோடுதான் தொடங்குகின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ உதிரிபாகங்கள், மடிக்கணினிகள் எனப் பட்டியல் நீள்கிறது. அவற்றைக் கொண்டு எந்த வகுப்புப் பிள்ளைகள், வாரத்தில் எத்தனை பாடவேளை, எதைச் செய்வார்கள் என்பதற்கு இரண்டு வரிகூட இருப்பதில்லை. நிதி தருபவர் முதலில் தேடுவது அந்த இரண்டு வரிகளைத்தான். எனவே, திட்ட முன்மொழிவை எழுத உட்காரும்போது கருவிகளை மறந்துவிட்டு, உங்கள் ஊரில் பிள்ளைகள் தாங்களே ஆராயக்கூடிய ஒரு கேள்வியை முதலில் தேர்ந்தெடுங்கள்.

தருமபுரியில் அந்தக் கேள்வி தண்ணீரிலேயே இருக்கிறது. அளவு மிஞ்சினால் பற்களையும் எலும்புகளையும் பாதிக்கும் ஃபுளூரைடு, இப்பகுதியின் பாறைகளிலுள்ள கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் கரைகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு இது முக்கியக் காரணம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. பென்னாகரம் அல்லது பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், மழைக்கு முன்னும் பின்னும் தங்கள் தெருக்களின் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சேகரித்து, நிறமாற்றச் சோதனை மூலம் ஃபுளூரைடை மதிப்பிட்டு, ஊர் வரைபடத்தில் குறிப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது தேவைகள் தாமாகவே தெளிவாகின்றன: மாதிரிக் குப்பிகள், வேதிப்பொருள், அதில் அமிலம் இருப்பதால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும், முடிவுகளைச் சரிபார்க்க ஒரு கல்லூரி ஆய்வகம். செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் ஒரு துறையின் ஒப்புதல் கடிதத்தை இணைத்தால் விண்ணப்பத்தின் எடை கூடும். சரிபார்க்கப்படாத முடிவை வைத்து எந்தக் கிணற்றையும் கெட்டது என்று ஊரில் அறிவிக்க மாட்டோம் என்பதையும் எழுதுங்கள்; பிள்ளைகள் கற்க வேண்டிய அறிவியல் ஒழுங்கும் அதுவே.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. ஒரு மாணவரின் தனி யோசனை என்றால், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் மானக் விருதுக்குத் தலைமையாசிரியர் இணையவழியில் பரிந்துரைக்கலாம். தேர்வான மாணவருக்கு 10,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். பள்ளிக்கு முழு ஆய்வுக்கூடம் வேண்டுமென்றால், மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் இருக்கிறது. அதில் மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரை தரப்படுகிறது. 10 லட்சம் அமைப்பதற்கு, மீதி 5 ஆண்டு வரை நடத்துவதற்கு. இடம் 1,500 சதுர அடி தேவை என்பதால், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் எந்த அறையை ஒதுக்குவது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போதே தீர்மானம் நிறைவேற்றி வைப்பது நல்லது.

நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும் வழி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சி.எஸ்.ஆர் நிதி என்பது என் கருத்து. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டை இவ்வகையில் செலவிட வேண்டும் என்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பள்ளிகள் இந்தச் சட்டப் பிரிவைத் தங்கள் கடிதத்தில் தயங்காமல் குறிப்பிடலாம். பலர் அறியாத மற்றொன்று, தொடர் திட்டங்களுக்குத் தொடங்கிய நிதியாண்டைத் தவிர மேலும் 3 ஆண்டுகள் வரை செலவிட விதி இடமளிக்கிறது என்பது. ஆகவே ஓராண்டுக்குள் முடியும் திட்டமாகச் சுருக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் ஆண்டுச் செயல்திட்டத்தை வகுக்கும் முன், ஜனவரி, பிப்ரவரியிலேயே அணுகுவது மேல். அரசுப் பள்ளிகள், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக இத்தகைய நிதியைப் பெறலாம். அறக்கட்டளை வழியாகச் செய்வதாயின் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சி.எஸ்.ஆர் நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் எவ்வளவு நல்ல திட்டமும் முதல் மேசையைத் தாண்டாது.

வரவு செலவுத் திட்டத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நான் சென்ற ஒரு பள்ளியில் நல்ல முப்பரிமாண அச்சு இயந்திரம் துணி போர்த்தி நின்றது; அச்சிடும் பிளாஸ்டிக் இழை தீர்ந்த பிறகு வாங்கப் பணமில்லை, பயிற்சி பெற்ற ஒரே ஆசிரியரும் மாறுதலில் போய்விட்டார். அந்தக் காட்சி என்னை இன்றும் வருத்துகிறது. கருவிக்கு எவ்வளவு கேட்கிறீர்களோ, ஏறத்தாழ அதே அளவை அதை ஓட்டுவதற்கும் கேளுங்கள்: தீர்ந்துபோகும் பொருள்கள், காலாவதியாகும் வேதிப்பொருள்கள், பழுது, குறைந்தது இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பிள்ளைகளின் பயணச் செலவு. அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் மாலை வகுப்பு நடத்துவதாக எழுதினால், கடைசிப் பேருந்து எப்போது, பிள்ளைகள் காட்டு வழியில் வீடு சேர்வது எப்படி என்பதற்கும் விடை இருக்க வேண்டும். இல்லையேல் பள்ளி நேரத்துக்குள்ளேயே திட்டமிடுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் விலைப்புள்ளி வாங்கி இணைத்துவிட்டால், எண்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பயன் என்ன என்ற பகுதியில் ‘மாணவர்களின் அறிவியல் ஆர்வம் பெருகும்’ என்று எழுதுவது போதாது. திட்டத்துக்கு முன் ஒரு சிறு சோதனை வைத்து, எத்தனை பேருக்குக் குடுவையில் அளவு பார்க்கத் தெரிகிறது, எத்தனை பேர் அட்டவணையிலிருந்து வரைபடம் போடுகிறார்கள் என்று எண்ணி வையுங்கள். ஆண்டு முடிவில் அதே சோதனையைத் திரும்ப வைத்தால் உங்கள் அறிக்கையில் பாதி தயார்.

பணம் வந்தபின் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி இருப்புப் பதிவேடும் வையுங்கள். மத்திய அரசின் நிதியென்றால், கணக்கில் சேரும் வட்டியையும் திருப்பிச் செலுத்த வேண்டும். பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தராமல் அடுத்த தவணை வராது. தலைமையாசிரியரோ பொறுப்பாசிரியரோ மாறுதலில் செல்லும் நாளில், பதிவேடு, ரசீதுக் கோப்பு, இணையதளக் கடவுச்சொல், அறைச் சாவி ஆகிய நான்கையும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் முன்னிலையில் கையெழுத்திட்டு ஒப்படைக்கும் முறையை முன்மொழிவிலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.