பொம்பெயியை எரிமலைக் குழம்பு விழுங்கவில்லை

பொம்பெயி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது செக்கச்செவேலென்று ஓடிவரும் எரிமலைக் குழம்பு. முதல் தவறே இதுதான். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இத்தாலியின் இந்த ஊர்மீது மணிக்கணக்காகப் பொழிந்தவை நுரைக்கற்கள். பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. பிறகு சுடுசாம்பலும் வாயுவும் கலந்த புயல் மலைச்சரிவில் இறங்கி, ஊரில் தங்கிவிட்டவர்களைக் கொன்றது.

அங்குள்ள மனித உருவங்களைக் ‘கல்லாய்ச் சமைந்தவர்கள்’ என்று எழுதுவதும் தவறு. சாம்பல் இறுகியது, உள்ளே உடல் மக்கியது, அதன் வடிவில் ஒரு பொந்து மிஞ்சியது. 1863இல் அங்கே அகழாய்வை நடத்திய ஜுசெப்பே ஃபியோரெல்லி அந்தப் பொந்துகளில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றி இறுகவிட்டு, சுற்றியிருந்த சாம்பலை அகற்றச் செய்தார். துணிமடிப்புகூட அப்படியே பதிந்து வந்தது. பல வார்ப்புகளுக்குள் எலும்புகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுப்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை போலும்.

‘காலம் உறைந்த நகரம்’ என்ற அடைமொழியையும் நம்ப வேண்டாம். எரிமலை வெடிப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிலநடுக்கம் ஊரைக் குலைத்திருந்தது; பழுதுபார்ப்பு முடியவில்லை. அழிவுக்குப் பின்னும் ஆட்கள் வந்து தோண்டிச் சிலைகளையும் பளிங்கையும் எடுத்துப் போனார்கள். எரிமலை வெடித்த நாளாகச் சொல்லப்படும் ஆகஸ்ட் 24 என்ற தேதியும் உறுதியில்லை. 2018இல் ஒரு சுவரில் கரியால் கிறுக்கிய அக்டோபர் 17 என்ற குறிப்பு கிடைத்தது. ஆண்டு அதில் இல்லை. ஆனாலும் இலையுதிர்காலத்தில்தான் வெடித்தது என்ற வாதம் வலுத்துவிட்டது.

நம்மவர்கள் பெருமையோடு பகிரும் ‘பொம்பெயி லட்சுமி’யிலும் கவனம் தேவை. 1938இல் கிடைத்த அந்தத் தந்தச் சிற்பம் இந்திய வேலைப்பாடுதான். ஆனால் அது லட்சுமி அல்ல, யட்சி என்பதே இன்று பலரின் கருத்து. அதை ஒத்த உருவங்கள் கிடைத்தது மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் ஊர்களில்.

நேரில் போகிறவர்கள் செய்யும் தவறு வேறு. நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் வந்து, பொம்பெயி என்ற பெயரைக் கண்டதும் இன்றைய ஊருக்குள் இருக்கும் நிலையத்தில் இறங்கிவிடுகிறார்கள். இடிபாடுகளின் வாசலருகே இருப்பது சொரெண்டோ தடத்தில் உள்ள ‘பொம்பெயி ஸ்காவி’ நிலையம். பழைய ஊரின் பரப்பு 66 ஹெக்டேர், நிழல் குறைவு. கால் நனையாமல் தெருவைக் கடக்க உயரமான கற்களைக் குறுக்கே பதித்திருக்கிறார்கள். அவற்றின் இடைவெளிகளில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள். வழவழப்பான செருப்போடு போனால் கண் முழுக்கத் தரையில்தான் இருக்கும்.